பழைய பேஸ்பால் அட்டைகள் கைக்கு வந்தால்: மதிப்பறிய ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வாழ்பவருக்கு என்றாவது ஒருநாள், ஆட்டக்காரரின் படமும் புள்ளிவிவரமும் அச்சிட்ட பேஸ்பால் அட்டைகள் ஒரு காலணிப் பெட்டி நிறையக் கைக்கு வந்து சேரலாம். கராஜ் விற்பனையில் வாங்கியதாக இருக்கலாம், வீடு மாறிச் செல்லும் அண்டைவீட்டார் கொடுத்ததாக இருக்கலாம், அல்லது பள்ளியில் படிக்கும் பிள்ளை பொட்டலம் பொட்டலமாக வாங்கிச் சேர்த்ததாக இருக்கலாம். இவற்றின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு விடை தேடி நான் அலைந்தபோது கடைக்காரர் ஒரு தொகை சொன்னார், விலைப்புத்தகம் வேறொன்று சொன்னது, இணையத்தில் கேட்கப்பட்ட விலைகளோ இரண்டோடும் ஒட்டவில்லை. எது எந்த அட்டை என்பதை அறிவது, அதன் நிலையைக் கணிப்பது, விற்ற விலையைப் பார்ப்பது, அதற்குப் பிறகே பணம் செலவழிப்பது என்ற வரிசையில் வேலை செய்தால் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. துடைக்காதீர்கள், முதலில் உறையிடுங்கள்

அட்டையின் மேல் தூசி இருந்தாலும் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. பளபளப்பு கெடும், ஓரம் உப்பும், அதைச் சரிசெய்ய வழியில்லை. பழைய அட்டைகளைக் கட்டியிருக்கும் ரப்பர் வளையத்தை இழுத்துக் கழற்றினால் விளிம்பில் வெட்டு விழும் என்பதால் கத்தரியால் நறுக்கி எடுங்கள். கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்குங்கள்.

கைக்கு வந்தவுடன் வாங்க வேண்டியவை மிகக் குறைவு. பென்னி ஸ்லீவ் எனப்படும் மெல்லிய உறைகள் நூறு கொண்ட கட்டு ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும். டாப்லோடர் எனப்படும் கெட்டியான உறைகள் இருபத்தைந்து கொண்ட கட்டு சில டாலர் ஆகும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு ஒன்றும், சிறிய அளவுகோல் ஒன்றும் வேண்டும். எந்த உறையை வாங்கினாலும் அது பி.வி.சி. கலக்காதது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் எண்பதுகளில் விற்ற பி.வி.சி. பைகள் நாளடைவில் கசிந்து அட்டைகளில் ஒட்டிக்கொண்டு பல நல்ல தொகுப்புகளைக் கெடுத்திருக்கின்றன. பெட்டியை நிலவறையிலோ கராஜிலோ வைக்காமல், வீட்டுக்குள் ஈரப்பதம் அதிகம் மாறாத அலமாரியில் வையுங்கள்.

2. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஓர் அட்டையை அடையாளம் காண மூன்று விவரங்கள் போதும்: தயாரித்த நிறுவனம், ஆண்டு, அட்டை எண். மூன்றும் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். டாப்ஸ், போமன், பிளீர், டொன்ரஸ், அப்பர் டெக் என்பவை நீங்கள் அடிக்கடி காணப்போகும் பெயர்கள். ஆண்டைப் பதிப்புரிமை வரியில் தேடுங்கள். ஐம்பது, அறுபதுகளின் அட்டைகள் பலவற்றில் அந்த வரியில் ஆண்டு இருக்காது. அப்போது ஆட்டக்காரரின் புள்ளிவிவர அட்டவணையில் கடைசியாக உள்ள பருவத்தோடு ஒன்றைக் கூட்டினால் அட்டையின் ஆண்டு பெரும்பாலும் கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, மரப்பலகை போன்ற விளிம்பு கொண்ட 1987 டாப்ஸ் அட்டையில் புள்ளிவிவரம் 1986 வரை மட்டுமே இருக்கும்.

அண்மைக்கால அட்டைகளில் இன்னும் ஒரு படி உண்டு. ஒரே படம், ஒரே எண் கொண்ட அட்டையே பல வண்ண விளிம்புகளிலும் மினுக்கும் பரப்பிலும் வெளியாகிறது. இவற்றைப் பேரலல் என்பார்கள். 1993இல் டாப்ஸ் ஃபைனஸ்ட் தொகுப்பில் வந்த ரிஃப்ராக்டர் இந்த வகையின் தொடக்கக்கால அட்டைகளுள் புகழ்பெற்றது. அட்டையின் மேல் 25/99 என்பது போன்ற எண் அச்சிடப்பட்டிருந்தால் அந்த வகையில் 99 அட்டைகள் மட்டுமே வெளியாகின என்று பொருள். படம் மட்டும் மாறியிருக்கும் அரிய வகைகளும் உண்டு. டாப்ஸ் நிறுவனத்தின் அண்மைக்கால அட்டைகளில் பின்பக்கத்தின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும், அதன் கடைசி இலக்கங்கள் சாதாரண வகைக்கும் அரிய வகைக்கும் வேறுபடும். கைலென்சு வைத்து அந்த இலக்கங்களைப் படித்து, அந்த ஆண்டுத் தொகுப்புக்கான குறியீட்டுப் பட்டியலை இணையத்தில் தேடி ஒப்பிடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் குவியலைக் கடைக்காரரிடம் கொடுப்பவர்களே மிக அதிகம்.

3. காலவாரியாகக் குவியல் பிரியுங்கள்

உங்கள் பெட்டியில் இருப்பவை 1986 முதல் 1993 வரையிலான ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் அட்டைகள் முதலீடு என்று ஊரே நம்பியதால் நிறுவனங்கள் அளவில்லாமல் அச்சிட்டன, வாங்கியவர்களும் அவற்றைப் பத்திரமாக வைத்தார்கள். ஆகவே இன்றும் பிரிக்கப்படாத பெட்டிகள் கிடைக்கின்றன. 792 அட்டைகள் கொண்ட 1987 டாப்ஸ் முழுத் தொகுப்பில் பேரி பாண்ட்ஸின் 320ஆம் எண் அட்டை இருந்தும், தொகுப்பின் விலை பெரிதாக ஏறவில்லை. அட்டை முப்பது ஆண்டு பழையது என்பதற்காக அதற்கு மதிப்பு உண்டு என்று நினைக்க வேண்டாம். விரும்புவோருக்குப் போதாத அளவில் அது இருந்தால்தான் விலை ஏறும்.

இந்தக் காலத்துக் குவியலிலும் எடுத்து வைக்க வேண்டியவை சில உண்டு. 1989 அப்பர் டெக் தொகுப்பின் முதல் எண்ணான கென் கிரிஃபி ஜூனியர், அதே நிறுவனத்தின் 1993 எஸ்.பி. தொகுப்பின் 279ஆம் எண்ணான டெரெக் ஜீட்டர், 1990 டாப்ஸ் தொகுப்பில் 414ஆம் எண்ணான ஃபிராங்க் தாமஸ் அட்டையில் முன்பக்கம் பெயர் அச்சாகாமல் விட்டுப்போன வகை ஆகியவை அவற்றுள் அடங்கும். பிழை அச்சுகள் எல்லாமே விலைபோகும் என்று எண்ணிவிடாதீர்கள். புள்ளிவிவரத்தில் ஓர் எண் தவறியிருப்பதும், எழுத்துப்பிழை இருப்பதும், அது திருத்தப்படாமலே முழுத் தொகுப்பும் வெளியாகியிருந்தால், விலையைத் தொடாது.

1980க்கு முந்தைய அட்டைகளைத் தனிக் குவியலாக வையுங்கள், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் அட்டைகள் பிந்தையவற்றைவிடப் பெரியவை. 1957இலிருந்து இன்றுவரை நிலைத்துள்ள அளவு 2.5க்கு 3.5 அங்குலம். சிகரெட் பொட்டலங்களோடு வந்த டி206 தொகுப்பு அட்டைகள் 1909 முதல் 1911 வரை வெளியாகின; அவை அதைவிட மிகச் சிறியவை. அந்தத் தொகுப்பின் ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 2021இல் ஏலத்தில் 66 லட்சம் டாலருக்கு விற்றது. இப்படிப்பட்ட அட்டை காலணிப் பெட்டியில் கிடைத்ததாகத் தோன்றினால், அது மறுபதிப்பு என்றே எடுத்துக்கொண்டு ஏழாவது படிக்குச் செல்லுங்கள்.

4. ரூக்கி அட்டை எது என்று உறுதிசெய்யுங்கள்

ஓர் ஆட்டக்காரரின் அட்டைகளுள் பெரும்பாலும் ரூக்கி எனப்படும் முதலாண்டு அட்டைக்கே விலை அதிகம். 2006 முதல் உரிமம் பெற்ற அட்டைகளில் ஆர்.சி. என்ற முத்திரை இருப்பதால் அடையாளம் காண்பது எளிது. ஆனால் போமன் அட்டைகளில் உள்ள முதல் என்ற முத்திரை வேறு. அது மேஜர் லீக் எனப்படும் பெருங்கூட்டமைப்புக்கு வருவதற்கு முன்பே, சிறு கூட்டமைப்பில் ஆடும் இளைஞருக்கு வெளியான அட்டையைக் குறிக்கும். ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டும் இருக்கும், விலையும் தனித்தனி.

பழையவற்றில் முத்திரை இல்லாததால் பட்டியலைப் பார்த்தே அறிய வேண்டும். மிக்கி மேன்டிலின் புகழ்பெற்ற அட்டை 1952 டாப்ஸ் 311ஆம் எண். 2022இல் அதில் மிக நல்ல தரம் பெற்ற ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் அவருடைய ரூக்கி அட்டை அது அன்று, அதற்கு முந்தைய ஆண்டின் போமன் 253. நோலன் ரயன் 1968 டாப்ஸ் 177இல் ஜெரி கூஸ்மனோடு ஒரே அட்டையைப் பகிர்ந்துகொள்கிறார். மைக் டிரவுட் 2011 டாப்ஸ் அப்டேட் தொகுப்பில் யு.எஸ்.175 என்ற எண்ணில் இருக்கிறார். அந்த ஆண்டின் முதன்மைத் தொகுப்பை மட்டும் புரட்டுபவர் அதைத் தவறவிடுவார்.

5. நிலையைக் கண்டிப்போடு பாருங்கள்

மேசை விளக்கின் கீழே அட்டையைச் சாய்த்துப் பிடித்து நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்பது. இடது, வலது விளிம்புகளை அளவுகோலால் அளந்து விகிதம் போடுங்கள், அட்டைகளுக்குத் தரமிடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் தன் உச்சத் தரமான 10ஐத் தர முன்பக்கத்தில் ஏறத்தாழ 55க்கு 45 என்ற அளவுக்குள் எதிர்பார்க்கிறது, பின்பக்கத்துக்கு அது இவ்வளவு கண்டிப்பு காட்டுவதில்லை. இரண்டாவது நான்கு மூலைகள். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் மூலை கைலென்சில் நார் பிரிந்து வெண்மையாகத் தெரியலாம். மூன்றாவது விளிம்புகள், நான்காவது பரப்பு. பரப்பில் கீறல், அச்சுக் கோடு, பின்பக்கத்தில் மெழுகுக் கறை அல்லது பொட்டலத்தில் இருந்த சூயிங் கம் விட்ட கறை ஆகியவற்றைத் தேடுங்கள். மெல்லிய மடிப்பு நேர்வெளிச்சத்தில் தெரியாது, சாய்வெளிச்சத்தில் மட்டுமே தெரியும். மடிப்பு ஒன்று இருந்தால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தரம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

தன்னுடைய அட்டையை மதிப்பிடும்போது எல்லோருக்கும் கை சற்றுத் தாராளமாகவே இருக்கும். உங்கள் கணிப்பில் ஒரு தரம் குறைத்து எழுதுங்கள், பிந்தைய கணக்குகள் பொய்க்காது.

6. கேட்கும் விலையை விட்டு, விற்ற விலையைப் பாருங்கள்

ஈபே தளத்தில் யாரும் எந்த அட்டைக்கும் ஆயிரம் டாலர் கேட்கலாம், அதைத் தடுப்பார் இல்லை. தேடலின் வடிகட்டியில் விற்பனையானவை என்பதைத் தேர்ந்தெடுத்தால் உண்மையில் கைமாறிய விலைகள் மட்டும் வரும். பேரம் ஏற்கப்பட்ட விற்பனைகளில் ஈபே பழைய கேட்புவிலையை அடித்துக் காட்டும். கொடுத்த தொகை தெரியாது. அதற்கு 130பாயின்ட் என்ற தளத்தைப் பயன்படுத்துங்கள். ஆண்டு, நிறுவனம், எண், பேரலல், தரம் ஆகிய ஐந்தும் ஒன்றாக இருக்கும் விற்பனைகளுள் கடைசி மூன்று மாதத்தில் நடந்த ஐந்தாறை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தரம் ஒரு படி மாறுவது எவ்வளவு பெரிது என்பதற்கு 1989 கிரிஃபி அட்டையே சான்று. அதில் பி.எஸ்.ஏ. 10 பெற்றவை ஆயிரக்கணக்கில் உள்ளன, இருந்தும் ஆயிரம் டாலரைத் தாண்டி விற்கின்றன. 9 பெற்றது பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே விற்கிறது. எந்தத் தரத்தில் எத்தனை அட்டைகள் உள்ளன என்ற எண்ணிக்கையைப் பி.எஸ்.ஏ. தன் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அச்சிட்ட விலைப்புத்தகங்களை அடையாளம் காணப் பயன்படுத்துங்கள், விலைக்கு நம்ப வேண்டாம்.

7. மறுபதிப்பும் போலியும்

1952 டாப்ஸ் தொகுப்பை 1983இல் டாப்ஸ் நிறுவனமே மறுபதிப்பாக வெளியிட்டது. அவை நேர்மையானவை, பின்பக்கத்தில் மறுபதிப்பு என்றே அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரியைச் சுரண்டி எடுத்து விற்பவர்களால்தான் தொல்லை. பின்பக்கத்தின் அடியில் காகிதம் மெலிந்து, சொரசொரப்பாக இருந்தால் விலகிவிடுங்கள். கைலென்சில் பெயரெழுத்துகளைப் பாருங்கள்: பழைய அட்டைகளில் கறுப்பு எழுத்து பொதுவாக அடர்த்தியான ஒரே மையில் இருக்கும், வருடி எடுத்து அச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

விளிம்பை வெட்டிக் கூர்மையாக்கிய அட்டைகள் இன்னொரு பொறி. அதே தொகுப்பைச் சேர்ந்த மலிவான அட்டை ஒன்றை மேலே வைத்து ஒப்பிட்டால் குறைந்த அளவு புலப்படும். தரமிட்டு மூடிய பிளாஸ்டிக் கூட்டில் இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது. சிட்டையில் உள்ள சான்று எண்ணைத் தரமிட்ட நிறுவனத்தின் தளத்தில் உள்ளிட்டு, அங்கே உள்ள விவரமும் படமும் கையில் இருப்பதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பழைய பொட்டலங்களைப் பிரித்து நல்லவற்றை எடுத்துவிட்டு மீண்டும் ஒட்டி விற்பதும் நடக்கிறது. புதியவர்கள் தனியாக விற்கும் பழைய பொட்டலங்களை அறவே தவிர்க்கலாம்.

8. தரமிட அனுப்புவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

புதியவர்களின் பணம் அதிகம் கரைவது இந்தப் படியில்தான். பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட், சி.ஜி.சி. ஆகியவை அட்டையை ஆராய்ந்து 10 வரையிலான தரம் கொடுத்துக் கூட்டில் அடைத்துத் தருகின்றன. பி.எஸ்.ஏ.வின் மலிவான சேவைக்கே அட்டை ஒன்றுக்கு இருபது முப்பது டாலர் ஆகிவிடும். அதன்மேல் போகவர அஞ்சல் செலவும் காப்பீடும் உண்டு. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அனுப்பும் நாளில் தளத்தில் உள்ளதையே நம்புங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தரமிடாத அட்டை 40 டாலருக்கு விற்கிறது, 9 பெற்றால் 60, 10 பெற்றால் 150 என்று வைத்துக்கொள்வோம். ஈபே கட்டணம் சுமார் 13 சதவீதம், தரமிடலும் அஞ்சலும் சேர்த்து 35 டாலர். அப்படியே விற்றால் கையில் 35 டாலர் நிற்கும். 9 வந்தால் 52இலிருந்து 35 போக 17 மட்டுமே மிஞ்சும், 10 வந்தால் 95 மிஞ்சும். அதாவது, அனுப்பும் நான்கு அட்டைகளில் ஒன்றாவது 10 பெற்று, மற்றவை 9க்குக் கீழே போகாமல் இருந்தால்தான் முதலுக்கு மோசமில்லை. ஐந்தாவது படியில் நீங்கள் எழுதிய தரத்தை வைத்து ஒவ்வோர் அட்டைக்கும் இந்தக் கணக்கைப் போட்டால், அனுப்ப நினைத்தவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலேயே நின்றுவிடும். 1980க்கு முந்தைய முக்கிய அட்டைகள் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்குத் தரம் தாழ்ந்தாலும் உண்மையானது என்ற சான்றே விலை தரும்.

9. அனுப்பும் முறை

நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கி, அட்டைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பை அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் மதிப்பு தரமிட்ட பிறகு எதிர்பார்க்கும் விலையாக இருக்கட்டும். ஒவ்வொரு சேவைக்கும் மதிப்பு உச்சவரம்பு உண்டு; அட்டை அதைத் தாண்டினால் மேல்சேவையின் கட்டணத்தை உங்கள் கடனட்டையில் பிடித்துக்கொள்வார்கள். மொத்தமாக அனுப்பும் மலிவுச் சேவைக்கு ஆண்டுச் சந்தா தேவைப்படலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அட்டையைப் பென்னி ஸ்லீவில் இட்டு, கார்டு சேவர் எனப்படும் சற்று வளையும் உறையில் வையுங்கள்; பி.எஸ்.ஏ. கேட்பது இதைத்தான், டாப்லோடரை அன்று. பட்டியலில் உள்ள வரிசையிலேயே அடுக்கி, இரு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, படிவத்தின் நகலை உள்ளே இடுங்கள். அனுப்பும் முன் இருபக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அஞ்சல் துறையான யு.எஸ்.பி.எஸ். தரும் கிரவுண்ட் அட்வான்டேஜ் சேவையில் 100 டாலர் வரையே காப்பீடு அடங்கும், மேலே உள்ளதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். தளத்தில் சொல்லும் வேலைநாள் கணக்கு, பெட்டி அங்கே பிரிக்கப்பட்டுப் பதிவான பிறகே தொடங்கும் என்பதால், அஞ்சலில் போட்ட நாளிலிருந்து எண்ணாதீர்கள். 2021இல் குவிந்த வேலையைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. குறித்த தேதிக்குள் விற்க வேண்டிய அட்டையை மலிவுச் சேவையில் அனுப்ப வேண்டாம்.

10. எங்கே விற்பது, எப்போது விற்பது

உள்ளூர் அட்டைக்கடையும் வாரயிறுதிக் கண்காட்சியும் உடனே பணம் தரும், ஆனால் விற்ற விலையில் பத்தில் ஆறு முதல் எட்டுப் பங்கு வரையே கொடுப்பார்கள். அவர்களும் வாடகை கட்டி விற்க வேண்டியவர்கள் என்பதால் அதை ஏமாற்று என்று கொள்ளக் கூடாது. இருபது டாலருக்குக் குறைந்தவற்றைத் தனித்தனியாக விற்பது நேரத்துக்கே கட்டாது, ஆட்டக்காரர்வாரியாக ஒரே கட்டாக விற்றுவிடுங்கள். ஆயிரங்களைத் தாண்டும் அட்டைக்கு ஹெரிடேஜ், கோல்டின் போன்ற ஏல நிறுவனங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வாங்குபவர் கட்டணம் போக உங்களுக்கு எத்தனை சதவீதம், பணம் எத்தனை நாளில் வரும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

ஆடிக்கொண்டிருப்பவர்களின் அட்டைகள் பருவம் தொடங்கும் மார்ச், ஏப்ரலில் பொதுவாக ஏறும், நவம்பரில் தளரும். ஓய்வுபெற்றவர்களுக்குக் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்துக்கான தேர்வு முக்கியம். ஓய்வுபெற்று ஐந்து ஆண்டு கழிந்த பிறகு பேஸ்பால் பற்றி எழுதும் செய்தியாளர்கள் வாக்களிப்பார்கள், 75 சதவீதம் வேண்டும், முடிவு ஜனவரியில் வரும். ஆட்டக்காரர் இச்சிரோ சுசுகி 2025 ஜனவரியில் 394 வாக்குகளில் 393 பெற்றுத் தேர்வானார். அப்படி உறுதியாக எதிர்பார்க்கப்படும் தேர்வுகளில் விலை முன்கூட்டியே ஏறிவிடும், ஆகவே அறிவிப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் அதற்கு முன் விற்பதே என் பரிந்துரை.

11. ஆவணங்களும் வரியும்

ஒரு விரிதாள் போதும். ஆண்டு, நிறுவனம், எண், ஆட்டக்காரர், வகை, நிலை, வாங்கிய நாள், வரியும் அஞ்சலும் சேர்த்துக் கொடுத்த விலை, தரமிடல் செலவு, சான்று எண், விற்ற நாள், விற்ற விலை ஆகியவை அதில் இருக்கட்டும். ரசீதுகளைப் படமாக எடுத்துச் சேமியுங்கள். கராஜ் விற்பனையில் ரசீது கிடைக்காது என்பதால் அன்றே நாளும் தொகையும் இடமும் எழுதி வையுங்கள். வீட்டுக் காப்பீடு இத்தகைய சேகரிப்புக்கு முழு ஈடு தருவது அரிது. மொத்த மதிப்பு சில ஆயிரம் டாலரைத் தாண்டினால் முகவரிடம் வரம்பைக் கேட்டு, தேவையானால் சேகரிப்புகளுக்கான தனிக் காப்பீடு எடுங்கள்.

லாபத்துக்குக் கூட்டரசு வருமான வரி உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் சேகரிப்புப் பொருள்களுக்கான உச்ச விகிதம் 28 சதவீதம், அதற்குள் விற்றால் சாதாரண வருமானத்தோடு சேரும். விற்பனைத் தளங்கள், மொத்த விற்பனைத் தொகையைக் காட்டும் 1099-கே படிவம் அனுப்பும் கூட்டரசு வரம்பு 2025இல் மீண்டும் 20,000 டாலர் மற்றும் 200 விற்பனைகளுக்கு மேல் என்று ஆக்கப்பட்டது, சில மாநிலங்களில் வரம்பு இதைவிடக் குறைவு. படிவம் வரவில்லை என்றாலும் லாபத்தைக் காட்ட வேண்டிய கடமை நீங்காது. மரபுரிமையாக வந்த அட்டைகளுக்கு, பொதுவாக உரியவர் இறந்த நாளின் சந்தை மதிப்பே உங்கள் அடக்கவிலையாகக் கொள்ளப்படும். ஆகவே அந்த நாளை ஒட்டிய விற்பனை விலைகளைத் தேடி ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்து, விரிதாளோடு சேர்த்துக் கணக்காளரிடம் கொடுங்கள். ஈபே விற்பனைத் தேடலில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு முந்தையவை மறைந்துவிடும் என்பதால் இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.